உண்ணிக்காய்ச்சலும் மலையகத் தொழிலாளரின் மருத்துவக் காப்புறுதியும்

மலையகத் தோட்டங்களில் காய்ச்சல் என்பது புதிய செய்தியன்று. மழையிலும் பனியிலும் கொழுந்து பறிப்பவர்களுக்கு உடற்சூடும் தலையிடியும் அன்றாடத் துணையாகவே இருந்து வருகின்றன. இரண்டு பெனடோல் மாத்திரைகளை விழுங்கிவிட்டு மறுநாள் மலைக்குச் செல்வதே வழக்கம். ஆனால் அவ்வாறு அலட்சியப்படுத்தப்படும் காய்ச்சல்களுள் ஒன்று, காலந் தாழ்ந்தால் உயிரையே பறிக்கக்கூடியதும், காலத்தோடு கண்டறிந்தால் மிக மலிவான மருந்தினால் குணமாகக்கூடியதுமாகும். அதுவே உண்ணிக்காய்ச்சல் என நம்மவர்களால் அழைக்கப்படும் டைபஸ் காய்ச்சல். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பிரதேசங்களில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் இந்நோயைப் பற்றி அறிந்திருப்பதுடன், அதைக் கண்டறிவதற்கும் சிகிச்சைக்குமான செலவை யார் ஏற்பது என்ற வினாவையும் எழுப்ப வேண்டிய காலம் வந்துள்ளது.

நோயின் இயல்பு

டைபஸ் என்பதை டைபொயிட் எனப்படும் நெருப்புக்காய்ச்சலுடன் குழப்பிக்கொள்வோர் பலர். நெருப்புக்காய்ச்சல் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவது. உண்ணிக்காய்ச்சலோ ரிக்கெற்சியா இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களால் ஏற்படுவது. புதர்களிலும் புற்றரைகளிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிற்றுண்ணியின் குடம்பி கடிப்பதால் வருவது புதர் டைபஸ். நாய், கால்நடை, காட்டு விலங்குகளில் ஒட்டி வாழும் உண்ணிகளால் வருவது புள்ளிக்காய்ச்சல். அட்டை கடித்தால் இரத்தம் வழியும், உடனே தெரிந்துவிடும். சிற்றுண்ணி கடித்தால் வலியும் இல்லை, அடையாளமும் அப்போது தெரிவதில்லை. ஒன்று அல்லது இரண்டு வாரங்களின் பின்னரே கடுங்காய்ச்சலும், தலையிடியும், உடல்வலியும் தோன்றுகின்றன.

இந்நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலங்கையில் நிலைகொண்டிருந்த படையினரிடையே புதர் டைபஸ் பரவியமை மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. 2003 ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்னவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, மத்திய மாகாண மலைப்பகுதிகளில் ரிக்கெற்சியாக் காய்ச்சல்கள் தலைதூக்கியிருப்பதையும், அங்கு புள்ளிக்காய்ச்சல் வகையே மேலோங்கி நிற்பதையும் எடுத்துக்காட்டியது. டைபஸ், சட்டப்படி சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கைகளில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் பெயர்கள் இந்நோய்க்கு எதிரே அடிக்கடி இடம்பெறுவதை எவரும் காணலாம்.

கவனிப்பாரற்றுக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளும், லயன்களைச் சூழ்ந்து வளர்ந்துள்ள புதர்களும், அவற்றில் பெருகும் எலிகளும் இந்நோய்க்கு விளைநிலங்களாகின்றன. விறகு பொறுக்கச் செல்லும் பெண்களும், மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குச் செல்வோரும், மாடு வளர்ப்போரும் ஒருங்கே ஆபத்துக்குட்படுகின்றனர். இதில் இன, மத பேதம் கிடையாது.

கண்டறிவதிலுள்ள இடர்ப்பாடு

உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டினால் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று தோன்றுவதுண்டு. அதைக் கண்டாலே அனுபவமிக்க வைத்தியர் நோயை ஊகித்துவிடுவார். ஆனால் அப்பொருக்கு எல்லா நோயாளரிடமும் காணப்படுவதில்லை. காணப்படும்போதும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி போன்ற மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கு வலி இல்லாததால் அவரும் சொல்வதில்லை. கூச்சத்தினால் பெண்கள் காட்டுவதுமில்லை. சனநெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் தேடிப் பார்ப்பதற்கு நேரமும் இல்லை.

பரிசோதனைகளிலும் இதே நிலைதான். 1916 ஆம் ஆண்டளவில் உருவான வெயில்-பீலிக்ஸ் பரிசோதனை மலிவானது, ஆயினும் பல நோயாளரைத் தவறவிட்டுவிடுவது. நம்பத்தகுந்த ஒளிர்வு எதிர்ப்பொருள் பரிசோதனைக்குக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்களுக்கு இரத்த மாதிரி அனுப்பப்பட வேண்டும். நோயை உறுதிப்படுத்த இரு வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு மாதிரி தேவைப்படும். முடிவு வருவதற்குள் நோயாளி குணமடைந்திருப்பார், அல்லது கைமீறிப் போயிருப்பார்.

ஆகவேதான் ஐயம் எழுந்தவுடனேயே டொக்சிசைக்ளின் மாத்திரையைத் தொடங்குமாறு மருத்துவ உலகம் வற்புறுத்துகிறது. நாளுக்கு இரு வேளை 100 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஒரு வாரம் கொடுத்தால் போதும். பெரும்பாலானோருக்கு 48 மணித்தியாலங்களில் காய்ச்சல் தணிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் வழங்கப்படுகிறது. ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கு வழக்கமாக எழுதிக் கொடுக்கப்படும் அமொக்சிசிலின் இந்நோயைத் தொடுவதேயில்லை. தவறான மருந்தில் கழியும் ஒவ்வொரு நாளும் நோய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் நோக்கி முன்னேறும் நாளாகும். நோய் முற்றியவர்களுக்கு ஒரு மருந்து மட்டும் போதாது என்பதையும், டொக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நாளத்தினூடாகச் செலுத்துவதே மேலானது என்பதையும் இந்தியாவின் பல வைத்தியசாலைகளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமை தாங்கி நடத்திய ஆய்வு 2023 இல் நிறுவியது. தொடக்கத்தில் சில மாத்திரைகளுடன் தீர்ந்திருக்க வேண்டிய நோய் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை செல்வது இவ்வாறுதான்.

செலவு யாருடையது?

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமானது, அதைப் பெருமையுடன் ஏற்றுக்கொள்கிறோம். 2017 இல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்றவை மலையகத்துக்குக் கிடைத்த பெரும் பேறுகளாகும். ஆயினும் இலவசம் என்ற சொல்லுக்கு வெளியே நிற்கும் செலவுகள் பல. தோட்டத்திலிருந்து நகருக்கு முச்சக்கர வண்டிக் கட்டணம், தனியார் மருத்துவ நிலையத்தில் முதலிரு தடவை கொடுக்கும் பணம், வெளி ஆய்வுகூடத்தில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை, துணைக்கு வருபவரும் இழக்கும் பேர் ஆகிய அனைத்தும் தொழிலாளியின் கைப்பணத்திலிருந்தே போகின்றன. 2024 இல் நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் முன்மொழிந்த 200 ரூபா, வேலைக்கு வருகை தரும் நாளுக்கான ஊக்குவிப்புத் தொகையாகும். காய்ச்சலில் படுத்தவருக்குச் சம்பளமும் இல்லை, ஊக்குவிப்பும் இல்லை. மூன்றாம் நாளே எழுந்து மலைக்குச் செல்லத் தூண்டுவது இந்தக் கணக்கேயன்றி வேறில்லை.

தோட்டத் தொழிலாளியின் நோய்க்கு முதலாளி பொறுப்பு என்பது நாம் இன்று கண்டுபிடித்த கோட்பாடன்று. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அக்கடப்பாட்டைத் தோட்ட நிருவாகங்கள்மீது சுமத்தியது. தோட்ட டிஸ்பென்சரிகள் பெருகியதற்கும் அதுவே அடிப்படை. ஆனால் அதே ஏற்பாடு, சுதந்திரத்தின் பின் நாடெங்கும் விரிந்த இலவச சுகாதார சேவையிலிருந்து தோட்டங்களைப் பல தசாப்தங்கள் தனித்து நிற்கவும் வைத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் முகாமைத்துவம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும், தோட்ட மருத்துவம் அரசுக்கா கம்பனிக்கா என்ற கேள்வி முழுமையாகத் தீரவில்லை. தோட்ட வைத்தியசாலைகளுட் சில அரசினால் பொறுப்பேற்கப்பட்டன, பல டிஸ்பென்சரிகள் தோட்டத்திடமே எஞ்சின. இருவர் பொறுப்பு என்பது நடைமுறையில் ஒருவர் பொறுப்பும் இல்லை என்றாகிவிடும் அபாயத்தை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

காப்புறுதியின் தலைகீழ் நியாயம்

தனியார் காப்புறுதித் திட்டங்களை எடுத்துக்கொண்டால், அவற்றின் வழமையான அமைப்பு வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கானது. வெளிநோயாளர் சிகிச்சை தனியாகப் பணம் செலுத்திச் சேர்க்கப்பட வேண்டிய ஒன்று. இதன் விளைவு விசித்திரமானது. காய்ச்சலின் இரண்டாம் நாளில் வைத்தியரிடம் சென்று, பரிசோதித்து, மாத்திரையுடன் வீடு திரும்பியவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. பத்தாம் நாளில் மூச்சுத்திணறலுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டவருக்கே பணம் கிடைக்கும். நோயை முற்றவிட்டவருக்குப் பரிசும், முன்கூட்டித் தடுத்தவருக்குத் தண்டனையும் என்பது எவ்வகை நியாயம்?

உண்ணியால் பரவும் நோய்க்குக் காப்புறுதி வழங்குவதைச் சட்டத்தினாலேயே கட்டாயமாக்கிய முன்னுதாரணம் அமெரிக்காவில் உண்டு. கனெற்றிக்கட் மாநிலத்தின் லைம் எனும் ஊரின் பெயரால் வழங்கும் லைம் நோயும் உண்ணி கடிப்பதால் வருவதே. அம்மாநிலம் 1999 இல் லைம் நோய்ச் சிகிச்சையைக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்க வேண்டுமெனச் சட்டமியற்றியது. 2016 இல் மசாசூசெற்ஸ் சட்டசபை, ஆளுநரின் மறுப்பையும் மேவி நீண்டகாலச் சிகிச்சைக்கான செலவையும் கட்டாயமாக்கியது. பின்னைய சட்டம் சர்ச்சைக்குள்ளாகியது. மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி வழங்குவதால் பயனில்லை, தீங்கே உண்டு எனத் தொற்றுநோய் நிபுணர் பலர் வாதிட்டனர். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, நோயின் பெயரைச் சட்டத்தில் எழுதலாம், ஆனால் நிரூபிக்கப்பட்ட மருத்துவத்தையே எழுத வேண்டும் என்பதாகும். நம் உண்ணிக்காய்ச்சலில் இச்சர்ச்சைக்கு இடமில்லை. ஒரு வாரச் சிகிச்சை என்பதில் மருத்துவ உலகில் பரந்த உடன்பாடு உண்டு. லைம் நோயாளரைவிட வலுவான வழக்கு நம் தொழிலாளருடையது.

செய்ய வேண்டியவை

நம் நாட்டுச் சட்டமும் நோய்களைப் பெயர் சொல்லி ஏற்கும் மரபுக்குப் புறம்பானதன்று. 1980 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட ஊழியர் நம்பிக்கை நிதியம், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு உதவி வழங்கி வருகிறது. அந்நிதியத்துக்குத் தோட்டத் தொழிலாளரின் பெயரிலும் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தொழில்தருநர் செலுத்துகின்றார். அதே வழியில் உண்ணிக்காய்ச்சலின் பரிசோதனைச் செலவும், நோய் நாட்களுக்கான உதவித்தொகையும் அதன் நன்மைகளுடன் சேர்க்கப்படலாம்.

இரண்டாவதாக, 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில்சார் நோய்களுக்கும் நட்டஈடு உண்டு. தேயிலை மலையில் பெற்ற உண்ணிக்காய்ச்சல் தொழில்சார் நோயே என்பது அதன் அட்டவணையில் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, கம்பனிகள் தொழிலாளருக்கெனப் பெறும் எந்தக் கூட்டுக் காப்புறுதியும் வெளிநோயாளர் பரிசோதனையையும் மருந்தையும் உள்ளடக்க வேண்டுமென விதிக்கப்பட வேண்டும். கூட்டு ஒப்பந்தம் 2021 இல் முடிவுற்ற பின் சம்பளம் சம்பள நிர்ணய சபையினூடாகத் தீர்மானிக்கப்படும் நிலை தோன்றியமையால், முன்பு ஒப்பந்தத்தில் பேசப்பட்ட நலன்புரி விடயங்கள் மேசையிலிருந்து நழுவிவிட்டன. தொழிற்சங்கங்கள் அவற்றை மீண்டும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

நான்காவதாக, தேயிலைக் காணிகளைப் பகிர்ந்தளித்து ஊழியர் என்ற தகுதியைக் கரைத்துவிடும் வெளியார் உற்பத்தி முறையில் உள்ளோரும், பதிவற்ற மரக்கறித் தோட்டக் கூலிகளும், நகர்களின் சிறு வியாபாரிகளும் தொழில்தருநர் வழியான காப்புறுதிக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு அரசின் திட்டமே வழி. ஐந்தாவதாக, காய்ச்சல் மூன்று நாட்களைத் தாண்டினால் உடலில் பொருக்கைத் தேடும் பழக்கமும், டொக்சிசைக்ளின் கையிருப்பும் ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை.

செலவு அதிகரித்தால் தேயிலைத் தொழில் தாங்காது என்று கம்பனிகள் சொல்லக்கூடும். அந்த அச்சத்தை நாம் முற்றாகப் புறந்தள்ளவில்லை. ஆனால் இந்நோயில் மலிவானது சிகிச்சை, விலை கூடியது தாமதமே. பத்து நாள் படுத்திருக்கும் தொழிலாளியால் தோட்டத்துக்கும் நட்டமே.

தோட்டங்கள் பலவற்றில் மரணாதார சங்கம் இயங்குகிறது. பள்ளிவாசல்களைச் சார்ந்து ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் இயங்குகின்றன. மாதாமாதம் சிறு தொகை சேர்த்து, ஒருவரின் துயரை ஊரே சுமக்கும் பண்பு இரு சமூகத்தாருக்கும் பரம்பரையாக வந்தது. காப்புறுதியின் தத்துவமும் அதுவே. இறந்த பின் பெட்டிக்கும் கபனுக்கும் பணம் சேர்த்து வைத்திருக்கும் நாம், இறவாமலிருக்க ஒரு வாரத்து மாத்திரைக்கும் ஒரு பரிசோதனைக்கும் வழி செய்து வைக்கவில்லை. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இக்குறையை இனியும் நீடிக்க விடலாகாது என வலியுறுத்துகின்றோம்.