வழங்கி

வழங்கு + இ. இடிதாங்கி, வழிகாட்டி என்பவற்றில் உள்ள அதே இகர விகுதி. கேட்கும் கணினிகளுக்குத் தரவையும் சேவையையும் தருவது வழங்கி, பேச்சில் ‘சர்வர்’. ‘வழங்கு’ என்பதற்குக் கொடுத்தல் மட்டுமல்ல, உலவுதல், புழக்கத்தில் இருத்தல் என்ற பொருள்களும் உண்டு. வழக்கு, வழக்கம் இதன் உறவுச் சொற்கள். டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் தொகுப்புகளை ‘வழங்கல்’ என்பதும் இந்த வேரிலிருந்தே.

அஞ்சல் வழங்கியில் வேலை இரண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள் மடலை அனுப்பும், வருவதை ஏற்கும். டவ்காட் போன்றது அஞ்சல் பெட்டியைத் திறந்து படிக்கவிடும். அடுத்த வழங்கி ஏற்கும்வரை மடல் வரிசையில் காத்திருக்கும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, கொழும்புத் தபாலும் தூத்துக்குடியில் இப்படித்தான் ரயிலிலிருந்து கப்பலுக்குக் கைமாறியது.

வழங்கிக்கு வழங்கலைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஆதரவுக் காலம். சென்டோஸ் 7 என்ற வழங்கலுக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30உடன் நின்றன. அதை நம்பியிருந்தவர்களுக்கு ராக்கி, ஆல்மா, டெபியன் என்று மாறும் வேலை வந்தது.

சொற்றொடர்: ‘அஞ்சல் வழங்கி முடங்கியதால், கப்பல் வருகைத் தகவல் முகவருக்குத் தாமதமாகக் கிடைத்தது.’