தீப்பொறிக்குக் கடிவாளம்

வேகமாக ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினின் பருமனையும் குதிரைத்திறனையும் வியந்து பேசுவர். அந்த எஞ்சினின்மேல் பாம்புபோல் வளைந்து கிடக்கும் ரப்பர் உறையிட்ட கம்பிகளை எவரும் பொருட்படுத்துவதில்லை. மெக்கானிக்குகள் அவற்றைப் ‘பிளக் ஒயர்’ என்பர். அக்கம்பியின் வரலாற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதை வானொலியில் சொல்வதற்குத் தனிப் பொருத்தமும் உண்டு. பிளக் ஒயரும் வானொலியும் ஒரே குடும்பத்தில் பிறந்து, நெடுங்காலம் தம்முள் பகைத்திருந்த உடன்பிறப்புகள்.

1860-இல் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் எரிவாயுவால் இயங்கும் எஞ்சினை அமைத்தார். வாயுவைக் கொளுத்த அவருக்கு மின்பொறி தேவைப்பட்டது. ரூம்கார்ஃப் சுருள் என்னும் கருவி அதனைத் தந்தது. பின்னர், 1886 முதல் 1888 வரை, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் அதே வகைச் சுருளால் ஓர் இடைவெளியில் பொறியைத் தாவச் செய்தார். சற்றுத் தொலைவில் இருந்த கம்பி வளையத்திலும் நுண்ணிய பொறி தோன்றிற்று. வானொலி அலைகள் உண்டென்பது அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே பொறி எழும் இடமெல்லாம் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமே. ஒவ்வொரு மோட்டாரும் தான் அறியாமலே வானில் பேசிக்கொண்டுதான் ஓடிற்று.

1902-இல் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதனோடு இணையும் ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில், சார்லஸ் கெட்டரிங் வகுத்த முறைப்படி, பாட்டரியே விளக்குக்கும் எஞ்சினைக் கிளப்புவதற்கும் பொறிக்கும் மின்சாரம் தந்தது. பாட்டரி தரும் சில வோல்ட் அழுத்தத்தைச் சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறை வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும். பிளக் ஒயர் அதைச் சுமந்து செல்லும். அக்காலத்துக் கம்பிக்கு வேண்டிய தகுதி மிக எளியது. உள்ளே செம்புக் கம்பி, மேலே ரப்பர், அதன்மேல் வார்னிஷ் பூசிய பருத்திப் பின்னல் இருந்தாற் போதும்.

1930-இல் பால் கால்வின் என்பவர் தமது காரில் வானொலிப் பெட்டியைப் பொருத்தி, சிகாகோவிலிருந்து அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிச் சென்றார். மோட்டாரோலா என்னும் பெயர் அம்முயற்சியில் பிறந்தது. பாட்டுக் கேட்கும் பெட்டியும் படபடவென்று பொறி சிந்தும் எஞ்சினும் இப்போது ஒரே வண்டிக்குள் குடியேறின. பகை வெளிப்பட்டது. பாட்டினூடே எஞ்சினின் ஓட்டத்துக்கேற்பக் கரகரப்பு எழுந்தது. தெருவில் ஒரு வண்டி போனால் வீட்டு வானொலியும் அதற்குத் தப்பவில்லை. அன்றுமுதல் பிளக் ஒயருக்கு இரண்டாவது கடமை ஒன்று வந்து சேர்ந்தது. மின்சாரத்தைக் கொண்டுசெல்வதோடு அதை அடக்கவும் வேண்டும். கடத்துவதும் அடக்குவதுமாகிய இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறிதான் இக்கம்பியின் வரலாறு என்று நான் கருதுகிறேன்.

இதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட் ஆகும். 1953 ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் இவ்வண்டி உற்பத்தியாகத் தொடங்கியது. அவ்வாண்டில் 300 வண்டிகளே வெளிவந்தன. அதன் உடல் இரும்புத் தகட்டால் ஆனதன்று, கண்ணாடி இழையால் ஆனது. மற்ற வண்டிகளில் எஞ்சினை மூடும் இரும்புத் தகடு, பொறியின் அலைகளைப் பெருமளவு தடுத்துவிடும். கண்ணாடி இழைக்கு அவ்வாற்றல் இல்லை. வானொலியின் ஏரியலும் பின்பெட்டி மூடியின் இழைகளுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. எனவே டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் ஒயர்களையும் சூழப் பளபளக்கும் உலோக மூடிகளைப் பொருத்தினர். பார்ப்பவர்கள் அழகுக்கென எண்ணிய அம்மூடிகள் ஒலிக்கு இட்ட வேலியே ஆகும்.

பந்தயத்துக்கென்று வண்டி வாங்கியோர் வேலியை வேண்டாமென்றனர். 1967-இல் எல்-88 என்னும் எஞ்சினோடு 20 கார்வெட் வண்டிகள் செய்யப்பட்டன. நிறுவனம் அறிவித்த திறன் 430 குதிரைத்திறன். மெய்யான திறன் அதனினும் பெரிது. அவ்வண்டிகளில் வானொலி இல்லை. ஆதலால் உலோக மூடியும் இல்லை. இத்தகைய வண்டிகளைக் கண்டு, தடை சிறிதுமற்ற செம்புக் கம்பியே வலிய பொறியைத் தரும் என்ற நம்பிக்கை ஆர்வலரிடையே வேரூன்றியது.

இந்நம்பிக்கையைச் சற்று ஆராய வேண்டும். பொறி தாவுவதற்கு முந்தைய கணத்தில் கம்பி வழியே பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம். ஓட்டம் சொற்பமாயின், கம்பியின் தடையால் இழக்கும் அழுத்தமும் சொற்பமே. ஆகையால் ஓரளவு தடையுள்ள நல்ல கம்பி பொறியைக் கொல்வதில்லை. அதன் இரைச்சலை மட்டுமே தணிக்கிறது. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான பாக்கார்டு எலக்ட்ரிக், உள்ளே செம்பு இல்லாமல் கரி ஏற்றிய நூலிழையைக் கொண்ட கம்பிகளைச் செய்தது. அடிக்குச் சில ஆயிரம் ஓம் தடையுள்ள அக்கம்பிகளின்மேல், தொலைக்காட்சி, வானொலி இரைச்சலை அடக்கும் கம்பி எனக் குறிக்கும் நான்கு எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. அக்கம்பிக்கும் ஒரு குறை உண்டு. ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிழை அறுந்துவிடும்; முனையிலுள்ள ரப்பர்க் குமிழைப் பிடித்தே கழற்ற வேண்டும். பின்னர், மெல்லிய உலோக இழையை ஓர் உள்ளீட்டின்மேல் நெருக்கமாகச் சுற்றிய கம்பிகள் வந்தன. அவை தடையைக் குறைத்து, இரைச்சலை அச்சுற்றுகளாலேயே அடக்கின. மின்னணுக் கருவிகள் ஆளும் இக்கால எஞ்சினுக்கு இவையே ஏற்றவை. வெறும் செம்புக் கம்பியின் இரைச்சல், வானொலியை மட்டுமின்றி அக்கருவிகளின் கணக்கையும் கெடுக்கும்.

கம்பியின் அடுத்த பகை வெப்பம். பந்தய வண்டியின் புகைக்குழாய்கள் பிளக்குகளை ஒட்டியே செல்லும். போதாக்குறைக்கு, உயர் அழுத்தம் கம்பியைச் சுற்றி ஓசோனை உண்டாக்கும். அது இயற்கை ரப்பரைப் பிளக்கும். இதற்கு விடை போரிலிருந்து வந்தது. உயரப் பறந்த அமெரிக்கப் போர் விமானங்களில், காற்று மெலிந்த இடத்தில், பொறியமைப்பின் மின்சாரம் கசிந்தது. 1943-இல் தொடங்கப்பட்ட டோ கார்னிங் நிறுவனம் சிலிக்கோன் பசையொன்றால் அக்கசிவைத் தடுத்தது. அந்தச் சிலிக்கோன் குடும்பத்து ரப்பரே பின்னர்ப் பிளக் ஒயரின் மேலுறையாயிற்று. ஆயினும் அது வெப்பத்தைத் தாங்குமேயன்றி உராய்வைத் தாங்காது. ஆகவே கூரிய விளிம்பில் படாமல் கவ்விகளில் தாங்கச் செய்து, குழாயருகே கண்ணாடி இழை உறையும் இட வேண்டும்.

கம்பி நன்றாயிருந்தும் கிடக்கும் முறை பிழையானால் கேடு விளையும். 1955-இல் வந்த ஷெவர்லே வி-8 எஞ்சினில் பொறி எழும் வரிசை 1-8-4-3-6-5-7-2 ஆகும். 5-ஆம் சிலிண்டரும் 7-ஆம் சிலிண்டரும் பக்கத்தில் பக்கம் இருப்பவை. அடுத்தடுத்துப் பொறி பெறுபவை. அவற்றின் கம்பிகள் நெடுந்தூரம் ஒட்டி ஓடினால், 5-க்குச் செல்லும் துடிப்பு 7-இன் கம்பியிலும் மின்னைத் தூண்டும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே, 90 பாகை முன்னதாகத் தீ பற்றும். பிஸ்டன் உடையவும் கூடும். இவ்விரு கம்பிகளையும் விலக்கி வைப்பதே பரிகாரம். அதற்கு ஆகும் செலவு ஒரு சிறு பிளாஸ்டிக் கவ்வியின் விலை. தவறினால் இழப்பது எஞ்சின்.

1997-ஆம் ஆண்டுக் கார்வெட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிச் சுருள் வந்தது. கம்பி சாண் அளவாகக் குறுகிற்று. இன்றைய வண்டிகள் பலவற்றில் சுருள் பிளக்கின் தலைமேலேயே அமர்ந்துவிட்டதால் கம்பியே இல்லை. எனினும் பழைய வண்டிகளைப் பேணுவோர் இன்றும் உளர். அவர்கள் புதுக் கம்பி வாங்கும்போது விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், அது எதைக் கடத்துகிறது, எதை அடக்குகிறது, எங்கே கிடக்கப் போகிறது என்னும் மூன்றையும் கேட்பார்களாக. கரையுள்ள ஆறே வயலுக்கு உதவும். அடங்கிய பொறியே வண்டியையும் ஓட்டும். அயலானின் பாட்டையும் கெடுக்காது.