பள்ளிகளை எண்ணிய படிவங்கள்

ஆரணிக்கும் போளூருக்கும் இடையே உள்ள திருமலை, இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் வழங்கும் சமணக் கோயிலாலும், இராசேந்திரனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் பாறைக் கல்வெட்டாலும் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர். இவ்வட்டாரம் பள்ளிகளைப் பற்றிய தரவு திரட்டப்பட்ட வரலாற்றிலும் இடம்பெற்றது என்பதை அறிந்தோர் குறைவு.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பில், மக்களின் கல்வி நிலை பற்றி அரசிடம் முறையான பதிவு எதுவும் இல்லை என்று சுட்டிக்காட்டி, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுக்குமாறும், அப்பள்ளிகளின் நடைமுறையில் தலையிட வேண்டாமென்றும் கலெக்டர்களைப் பணித்தார். உடன் அனுப்பப்பட்ட படிவம் மாணவர்களைச் சாதிப் பிரிவு, சமயம், பால் ஆகியவற்றின்படி பகுத்துக் கேட்டது. கன்னட மாவட்டக் கலெக்டர் அதை நிரப்பவே இல்லை. திருமலையும் ஆரணியும் அடங்கிய வட ஆர்க்காட்டிலிருந்து 630 பள்ளிகளும், சமயம், சட்டம், வானநூல் ஆகியவற்றை ஆசிரியர்கள் கற்பித்த 69 உயர்கல்வி இடங்களும் கணக்கில் வந்தன. மாகாணம் முழுவதும் பள்ளிகளும் உயர்கல்வி இடங்களும் சேர்த்து 12,498. 1,88,650 மாணவர்கள், அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே.

இத்தொகையை மன்றோ அப்படியே ஏற்கவில்லை என்பதே அவருடைய திறம். சென்னை நகரில் வீட்டிலேயே கற்ற பிள்ளைகள் 26,903 பேர் எனத் தனியே கணக்கு வந்ததால், திண்ணைப்பள்ளிகளை மட்டும் எண்ணினால் கற்போர் தொகை குறைந்தே தெரியும் என்பதை உணர்ந்து, பள்ளி வயதுச் சிறுவர்களில் கால் பங்கினரே பள்ளியில் இருப்பதாகப் படிவம் காட்டினாலும், கற்போர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கலாம் என்று 1826 மார்ச் 10 அன்று எழுதினார். எண் எதைக் காட்டுகிறது என்பதோடு எதை விட்டுவிட்டது என்பதையும் கேட்ட அவ்வறிக்கை, பின்வந்த பல புள்ளிவிவர ஏடுகளைவிட நேர்மையானது. அக்கணக்கெடுப்புக்கு விடையளித்த பல்லாரிக் கலெக்டர் கேம்பெல், பள்ளிகள் நலிந்து வந்ததன் காரணத்தையும் 1823-இல் விளக்கினார்: ஐரோப்பியத் துணிகளின் வரவால் நெசவுத் தொழில் சரிந்து மக்கள் வறுமையுற்றனர் என்பது அவர் தந்த காரணங்களுள் ஒன்று.

1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் கல்வித்துறை அமைந்து, ஆய்வாளரின் தேர்வு முடிவைப் பொறுத்து மானியம் வழங்கும் முறையும் வந்தபோது, எண்ணிக்கை என்பது பணமாகவும் ஆயிற்று.

இவ்வட்டாரத்தின் அடுத்த முக்கிய ஆண்டு 1994. பெண் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழிருந்த மாவட்டங்களில் தொடங்கப்பட்ட மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டத்தில் ஏழு மாநிலங்களின் 42 மாவட்டங்கள் இருந்தன. திருமலையும் ஆரணியும் இப்போது அடங்கும் திருவண்ணாமலை அவற்றுள் ஒன்று. அதற்காகவே உருவான டைஸ் என்னும் கணினிவழிப் பள்ளித் தகவல் முறையில், ஒவ்வொரு தலைமையாசிரியரும் செப்டம்பர் 30 நிலவரப்படி சேர்க்கை, ஆசிரியர், வகுப்பறை, குடிநீர் முதலிய விவரங்களைப் படிவத்தில் நிரப்பினார். சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் இருந்தோருடன் இவ்வாண்டு இரண்டாம் வகுப்பில் உள்ளோரை ஒப்பிட்டு, அதே வகுப்பில் தங்கியவர்களுக்கு இடங்கொடுத்து இடைநிற்றல், அதாவது படிப்பைப் பாதியில் விட்டோர் விகிதம், கணக்கிடப்பட்டது. தலைகளை எண்ணிய இம்முறையில், வேறு பள்ளிக்குப் போன பிள்ளையும் படிப்பை விட்ட பிள்ளையும் ஒன்றாகவே தோன்றினர்.

இக்குறையை நீக்கத் தமிழ்நாடு 2012 முதல் எமிஸ் என்னும் கல்வி மேலாண்மைத் தகவல் முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் 16 இலக்க எண் வழங்கியது. பள்ளி மாறினாலும் அவ்வெண் மாறாது. எனினும் எண்ணே பெறாத பிள்ளைகளும் உண்டு. இவ்வட்டாரப் பட்டுத்தறிகளில், சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்யும் கோர்வை முறைக்கு உதவியாக இன்னொருவர் வேண்டியிருந்ததால், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நெடுங்காலம் தறியடியிலேயே வளர்ந்தனர். அவ்வாறு பள்ளியில் ஒருமுறையும் சேராத பிள்ளைக்கு எமிஸ் எண் கிடையாது. அப்பிள்ளையை அறிய வீடுவீடாகச் செல்லும் கணக்கெடுப்பு இன்றும் முக்கிய வழி.