பொஸ்டன் தேயிலை முதல் வட்டுக்கோட்டைப் பெயர்கள் வரை: அமெரிக்காவின் ஆரம்ப வரலாற்றில் நாங்கள்

தெமட்டகொடையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த் தட்டில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ரயில் போகும்போதெல்லாம் எங்கள் இரண்டு வீட்டு ஜன்னல்களும் சேர்ந்து அதிரும். ஒருநாள் அவள் வரலாற்றுப் புத்தகத்தோடு மேலே ஏறி வந்தாள். அமெரிக்க சுதந்திரப் போர் பாடம். "அக்கா, பொஸ்டன்ல கடலுக்குள்ள கொட்டின தேயிலை எங்கட தேயிலையா? எங்கட அம்மாச்சி ஹட்டன்ல கொழுந்து எடுத்தவங்க."

இல்லை என்றேன். 1773 டிசம்பர் 16 இரவு பொஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. கிழக்கிந்தியக் கம்பனி அதை லண்டன் வழியாக அனுப்பியிருந்தது. இலங்கையில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிடப்பட்டது 1867இல், லூல்கந்துரவில். இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இருக்கிறது. அவள் முகம் கொஞ்சம் வாடிப்போனது. "அப்ப இந்தப் பாடத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். இருக்கிறோம், பாடப்புத்தகத்தில்தான் இல்லை.

முதலில் திருகோணமலை. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானியாவுக்கு எதிராக எழுந்தபோது பிரான்ஸ் அவர்களோடு சேர்ந்தது. ஒல்லாந்தர் அமெரிக்கக் கிளர்ச்சிக்காரரோடு வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். 1780 டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தர்மீதும் போர் அறிவித்தது. இலங்கையின் கரையோரம் அப்போது ஒல்லாந்தரிடம் இருந்தது. ஆகவே மசச்சூசெற்ஸில் தொடங்கிய சண்டை சுற்றி வளைத்து எங்கள் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1782 ஜனவரியில் பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி அந்தக் கரைக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் பிரித்தானியக் கப்பல்களோடு மோதினார். பிறகு மட்டக்களப்பில் ஒதுங்கிக் கப்பல்களைத் திருத்தினார். ஓகஸ்ட் முடிவில் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் கையில். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே மீண்டும் ஒரு பெரிய கடற்சமர். சமாதானம் வந்தபின் அது திரும்ப ஒல்லாந்தரிடம் போனது. சில ஆண்டுகளுக்குள் கோட்டையில் எத்தனை கொடி ஏறி இறங்கியது என்று எண்ணிப் பாருங்கள். 1783 ஜூன் 20ஆம் திகதி கூடலூருக்கு அப்பால் கடைசிச் சமர் நடந்தது. பூர்வாங்க சமாதானம் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்திதான் வந்து சேரவில்லை.

தமிழ் மண்ணோடு அமெரிக்காவுக்கு அதற்கும் முந்திய ஒரு தொடர்பு உண்டு. 1649இல் பொஸ்டனில் பிறந்த எலைஹு யேல், மதராஸ் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்து பெரும் செல்வம் சேர்த்தார். அவர் காலத்தில் அந்தக் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். 1718இல் கனெக்ரிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் புத்தகங்களும் சரக்குப் பொதிகளும் அனுப்பினார். பொதிகளை விற்ற பணத்தில் கட்டிய கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். அங்கே 1809இல் பட்டம் பெற்ற பெஞ்சமின் மெய்க்ஸ் என்பவர் சில ஆண்டுகள் கழித்து வட்டுக்கோட்டைக்கு வந்து இறங்கினார்.

அவர் வந்த கதைதான் எங்களுக்கு மிக நெருக்கமானது. 1806இல் மசச்சூசெற்ஸின் வில்லியம்ஸ்ரவுனில் மழைக்கு வைக்கோற்போரடியில் ஒதுங்கிய ஐந்து மாணவர்கள், ஆசியாவுக்குப் போய் ஊழியம் செய்வதென்று ஜெபித்ததாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ். 1810இல் 'அமெரிக்கன் போர்ட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மிசன் சங்கம் உருவானது. 1812 பெப்ரவரியில் முதல் குழு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அவர்கள் கடலில் இருக்கும்போதே, ஜூன் மாதம், அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் மீண்டும் போர் மூண்டது. கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை வெளியேறச் சொன்னது. சாமுவேல் நியூவெலும் மனைவி ஹரியற்றும் மொரீசியசுக்குப் போனார்கள். ஹரியற் அங்கே நவம்பரில் இறந்தார். வயது 19. போகச் சொன்ன இடத்துக்குப் போக இடமில்லாமல் கடலில் அலைந்து பிள்ளையையும் உயிரையும் இழந்த ஒரு பெண்ணின் கதையாகவே நான் அதை வாசித்தேன். மிசன் வரலாறுகள் அதைத் தியாகமாக எழுதியிருக்கின்றன.

தனியாளான நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இந்தத் தீவு கம்பனியின் கையில் இல்லை, முடிக்குரிய குடியேற்றம். ஆளுநர் பிரவுண்றிக் அவரை வரவேற்றார். யாழ்ப்பாணத்தைப் பார்த்த நியூவெல், இதுவே பொருத்தமான இடம் என்று அமெரிக்காவுக்கு எழுதினார். அங்கே பேசும் மொழி பாக்குநீரிணைக்கு அப்பாலும் பேசப்பட்டது என்பது அவர்கள் கணக்கில் முக்கியமானது. போர் முடிந்ததும், 1815 ஒக்ரோபரில் நியூபரிபோர்ட்டிலிருந்து 'ட்ரையாட்' என்ற கப்பல் புறப்பட்டு 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. டானியல் பூவரும் எட்வேர்ட் வொறனும் தெல்லிப்பழைக்கு, மெய்க்ஸும் றிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டைக்கு. அப்போது அமெரிக்கக் குடியரசுக்கு வயது நாற்பது. இருந்தும், தன் நாட்டின் தெற்கில் அடிமைமுறையை வைத்துக்கொண்டே அது எங்களைத் திருத்த ஆள் அனுப்பியது.

1823இல் வட்டுக்கோட்டை செமினரி. 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழ் இலக்கியமும் கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். பயன் பெற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளப் பையன்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கல்விப் பெருமையைப் பேசும்போது இந்த வரியை வசதியாக விட்டுவிடுகிறோம். படித்தவர்கள் ஊழியத்துக்குப் போகாமல் அரச வேலைக்குப் போகிறார்கள் என்று பொஸ்டன் தலைமையகம் அதிருப்திப்பட்டு 1855இல் செமினரியை மூடியது. சில ஆண்டுகள் கழித்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விஸ்வநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்.

அந்த 'கறோல்' எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அவர்கள் விரும்பும் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று யாழ்ப்பாணப் பெயர்ப் பட்டியலில் நியூ இங்கிலாந்து நுழைந்தது இப்படித்தான்.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். அதே அமெரிக்கன் போர்ட், தெல்லிப்பழைக்கு ஆள் வந்த மறு ஆண்டு, 1817இல், தன் சொந்த நாட்டில் செரோக்கி மக்களிடையே பிரெய்னேர்ட் என்ற மிசனைத் தொடங்கியது. செரோக்கிகள் அந்த மண்ணின் பழங்குடிகள். அவர்களில் பக் வாற்றி என்ற இளைஞர் கனெக்ரிகட்டில் மிசன் பாடசாலையில் படிக்கப் போனார். ஆதரவளித்த பெரியவர் எலியாஸ் பூடினோவின் பெயரையே தன் பெயராக ஏற்றார். ஒரே சங்கம், ஒரே பெயரிடும் வழக்கம், இரண்டு இனங்கள். 1828 பெப்ரவரியில் அந்தப் பூடினோ 'செரோக்கி ஃபீனிக்ஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சான அதற்கான எழுத்துகள் பொஸ்டனில் வார்க்கப்பட்டன.

அடுத்து நடந்ததை வாசிக்கும்போது கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். ஜோர்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தைக் கேட்டது. மக்கள் பக்கம் நின்ற மிசனரி சாமுவேல் வூஸ்ரரை 1831இல் சிறையில் போட்டார்கள். 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த நிலத்தில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, நிலம் மிஞ்சவில்லை. 1835இல் ஜோர்ஜியாவின் காவற்படை பத்திரிகையின் அச்சியந்திரத்தைக் கைப்பற்றியது. 1838இல் இராணுவம் மக்களை வீடுகளிலிருந்து திரட்டி முகாம்களில் அடைத்து மேற்கே நடத்திச் சென்றது. ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பூடினோவை 1839இல் அவரது சொந்த இனத்தவரே கொன்றார்கள்.

இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்து 'எங்களைப் போலவே' என்று எழுதுவது சுலபம். நான் அப்படி எழுத விரும்பவில்லை. அவர்கள் கதை அவர்களுடையது. எண்ணிக்கையும் காரணங்களும் வேறு. ஆனால் அச்சியந்திரம் பற்றி ஒரு விடயம் சொல்லாமல் போக முடியாது. 1820இல் அமெரிக்கன் போர்ட் ஜேம்ஸ் கரற் என்ற அச்சாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. ஆட்சியிலிருந்த எட்வேர்ட் பார்ண்ஸ் அனுமதி மறுத்து, மூன்று மாதத்துக்குள் வெளியேறச் சொன்னார். கரற் இந்தியாவுக்குப் போனார். அமெரிக்க மிசனுக்குப் புதிய ஆட்கள் வருவதற்கு இருந்த தடை 1833இல்தான் நீங்கியது. மானிப்பாயில் மிசன் அச்சகம் இயங்கியது அதன் பிறகே. 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' வெளிவந்தது: தமிழும் ஆங்கிலமுமாக, இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகை. ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த தமிழர். ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்த நான், பல்கலைக்கழகத்தில் உதயதாரகையின் ஆண்டை மனப்பாடம் செய்தேன். அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் கதவு மூடியிருந்ததை யாரும் சொல்லித் தரவில்லை. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தன் அச்சகத்தை நிறுவி அதே கருவியால் மிசனுக்குப் பதில் சொன்னார் என்பது தெரிந்த கதை.

அகராதிகளும் அந்த அச்சியந்திரங்களின் பிள்ளைகள்தான். 1842இல் மானிப்பாய் அகராதி. 1862இல் மிரன் வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி, சென்னையில். வின்ஸ்லோவின் பிரதி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பப்பா அதை அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு ஐந்து வயது; புத்தகத்தை யாரும் தூக்கவில்லை, அரிசியைத் தூக்கினோம். திரும்பிப் போனபோது இரண்டு சுவர்கள் நின்றன.

மிசனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாழ்ப்பாண நூலகம் 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு வட்டுக்கோட்டையைப் பற்றி எழுதுபவர் பெரும்பாலும் வந்தவர்கள் எழுதியதை வைத்தே எழுத வேண்டியிருக்கிறது.

அப்பப்பாவின் தகப்பனாருக்கு ஓர் அமெரிக்கப் பெயர் இருந்தது. அது யாருடைய பெயர், எந்த ஊர்ச் சபை பணம் கட்டியது என்பது எங்களுக்குத் தெரியாது. சுவிஸில் இருக்கும் மாமாவிடம் உள்ள பழைய திருமணப் பதிவின் நகலில் மட்டும் அது இருக்கிறது. கடந்த மாதம் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர், ஒரு ஞானஸ்நானச் சீட்டு, ஒரு பாடசாலைப் பரிசுப் புத்தகம் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, எழுதியவர் பெயரும் ஊரும் தெரிந்தவரை குறித்து, நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்பலாம்.

கீழ்வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொன்னேன். "பரீட்சையில எழுதினா புள்ளி தருவாங்களா?" என்று கேட்டாள். தரமாட்டார்கள் என்றேன். திருகோணமலையின் இரண்டு திகதிகளை மட்டும் பென்சிலால் புத்தக ஓரத்தில் எழுதிக்கொண்டு இறங்கிப் போனாள்.