பாராமகால் முதல் வாச்சாத்தி வரை: தருமபுரியில் காவல் அதிகாரமும் பொறுப்புக்கூறலும்

1. ஆய்வுப் பொருள்

1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்ற பழங்குடி ஊருக்குள் அரசுப் பணியாளர்கள் கூட்டமாக நுழைந்தார்கள். வனத்துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடிய சோதனை என்று சொல்லப்பட்ட அந்த நடவடிக்கை, 18 பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமையிலும் ஓர் ஊரே சூறையாடப்பட்டதிலும் போய் முடிந்தது. 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வாச்சாத்தியைப் பற்றி எழுதியவர்கள் அதைப் பழங்குடி மக்கள் மீதான கொடுமையாகவும் நீதிக்கான நெடும் போராட்டமாகவும் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை. இக்கட்டுரை அந்நிகழ்வைக் காவல் நிர்வாகத்தின் நீண்ட வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க முயல்கிறது. வருவாய், காவல், வனம் ஆகிய மூன்று துறைகளும் ஓரணியாக ஓர் ஊருக்குள் போக முடிந்ததற்குப் பின்னால் இருநூறு ஆண்டு நிர்வாக மரபு இருக்கிறது. ஒருவரைப் பிடிக்கும் அதிகாரமும், அவர் தரும் புகாரை விசாரிக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேரும்போது சித்திரவதைக்கு இடம் உண்டாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். தருமபுரியின் வரலாறு அதற்குச் சான்று.

2. மன்றோவின் ஏற்பாடு

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, இன்றைய தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார், தருமபுரியில் தங்கியிருந்தார். குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கான அடித்தளம் இங்கேதான் உருவானது. ஆட்சியர் குடிமக்களோடு நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும், எல்லா அதிகாரமும் அவர் வழியாகவே செல்ல வேண்டும் என்ற மன்றோவின் உறுதியான கருத்தும் இந்த அனுபவத்தில் வேர் கொண்டதே.

1816-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டங்கள் அக்கருத்துக்கு வடிவம் கொடுத்தன. மாவட்ட நீதிபதியிடம் இருந்த காவல் பொறுப்பு ஆட்சியருக்கு மாறியது. தாசில்தார் தம் வட்டத்தின் காவல் தலைவரானார். ஊரளவில் மணியக்காரரும் தலையாரியும் அவருக்குக் கீழே நின்றார்கள். உள்ளூர் வழக்கம் அறிந்தவர்களிடம் காவல் இருப்பது நல்லது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் வரி கட்டாதவனை நெருக்கும் கையும், திருடன் என்று ஒருவனைப் பிடித்து அடைக்கும் கையும் ஒன்றாகிவிட்டன. தாசில்தார் கச்சேரியில் அடி வாங்கியவன், அதே தாசில்தாரின் மேலதிகாரியிடம்தான் முறையிட வேண்டியிருந்தது.

3. சித்திரவதை ஆணையமும் 1859 சட்டமும்

இந்த ஏற்பாடு என்ன ஆனது என்பதை 1855-இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை ஆணையத்தின் அறிக்கை காட்டியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தை அடுத்து அமைக்கப்பட்ட அவ்வாணையத்தில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் இருந்தனர். நேரிலும் கடிதம் மூலமும் வந்த புகார்கள் 1,959. வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் ஒரே வகைச் சித்திரவதைகள் நடந்ததை ஆணையம் பதிவு செய்தது. விரல்களை மரச்சட்டத்துக்குள் வைத்து நெரிக்கும் கிட்டி, உடலைக் குனிய வைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் போன்றவை அந்த அறிக்கையில் பெயரோடு இடம்பெற்றுள்ளன.

ஆணையத்தின் கண்டுபிடிப்பில் இன்றைக்கும் பொருந்துவது அதன் காரண விளக்கம்தான். சில கெட்ட ஊழியர்களைத் தண்டித்தால் சித்திரவதை போய்விடும் என்று அது நினைக்கவில்லை. வருவாய் அதிகாரமும் காவல் அதிகாரமும் கலந்து கிடப்பதே நோயின் மூலம் என்று கண்டது. அதன் விளைவாக 1859-இன் 24-ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் துறையைத் தந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 1861-ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டத்துக்கு இது முன்னோடி.

என்றாலும் பிரிவினை முழுமையாகவில்லை. மாவட்டத் தலைமை மாஜிஸ்திரேட் என்ற முறையில் ஆட்சியர் காவலின் மேலேயே இருந்தார். காவல் துறைக்குத் தனி உடுப்பும் தனிப் படிநிலையும் கிடைத்தன. அதன் மீது புகார் சொல்லத் தனி இடம் மட்டும் கிடைக்கவில்லை.

4. காட்டுக்குள் வந்த இன்னொரு காவல்

சமவெளியில் அதிகாரத்தைப் பிரித்த அரசு, காட்டில் அதை மறுபடியும் சேர்த்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வன அலுவலருக்குப் பிடியாணை இல்லாமலே கைது செய்யும் அதிகாரம் தந்தது. பறிமுதல் செய்யவும் குற்றத்துக்குப் பணம் வாங்கித் தீர்த்துக்கொள்ளவும் வழி செய்தது. வனப்பொருள் அரசுக்குச் சொந்தம் என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியது மற்றவர் பொறுப்பு. காட்டின் உடைமையாளர், காவலர், புலனாய்வாளர் ஆகிய மூன்று வேடங்களும் வனத்துறைக்கே வந்து சேர்ந்தன.

சித்தேரி, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இதன் பொருள் வெளிப்படையானது. விறகு, தேன், சாமை, மேய்ச்சல் என்று அன்றாட வாழ்வுக்கான ஒவ்வொன்றும் குற்றமாக்கப்படக்கூடிய நிலை வந்தது. சந்தன மரமோ அப்போது அரசின் ஏகபோகம். வியாபாரிக்கும் இடைத்தரகருக்கும் லாபம் போக, மரம் வெட்டும் கூலியாள்தான் முதலில் சிக்குவார்.

5. வேட்டை என்ற நடைமுறை

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் இம்மாவட்டம் கண்ட காவல் நடவடிக்கைகளில் பெரியவை அன்றாடக் காவல் வகையைச் சேர்ந்தவை அல்ல; சிறப்புப் படை வேட்டைகள். 1980-இல் காவல் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் தருமபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களில் நக்சலைட்டுகள் மீதான நடவடிக்கை நடந்தது. 1990-களில் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடித் தமிழக, கர்நாடகச் சிறப்பு அதிரடிப்படைகள் மலையூர்களுக்குள் இறங்கின. 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டதோடு அது முடிந்தது.

இந்த வேட்டைகளுக்கு ஊரே சந்தேகத்துக்குரியது. குற்றவாளிக்குச் சோறு போட்டவர், அவர் போன வழியைச் சொல்லாதவர், அதே சாதியைச் சேர்ந்தவர் எல்லாரும் விசாரணைக்கு உரியவர்கள் ஆனார்கள். அதிரடிப்படை மீதான புகார்களை ஆராய தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. இழப்பீடு என்பது அரசு தவறை ஏற்றுக்கொள்வதில் ஒரு படி. ஆனால் தவறு செய்தவர் நீதிமன்றக் கூண்டில் நிற்பது அதனினும் வேறான ஒன்று. தருமபுரியில் அந்த வேறுபாட்டை உருவாக்கியது வாச்சாத்தி.

6. வாச்சாத்தி: மூன்று துறைகளின் கூட்டு

சோதனைக்கு வந்தவர்கள் ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். ஆண்களில் பலர் ஏற்கெனவே மலைக்குள் ஓடிவிட்டிருந்தனர். பதுக்கிய சந்தனக்கட்டையைக் காட்டும்படி சொல்லி 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு பெண்களை அரூர் வன அலுவலகத்தில் அடைத்தார்கள். ஊர்த் தலைவரான கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அவ்வூர்ப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். ஒரு சமூகத்தின் மரியாதை எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதை முறிக்கும் செயல் அது. வீடுகள் இடிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன, குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேர் மீது வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள்.

இங்கே நிர்வாக வரலாறு முழு வட்டம் சுற்றி வந்துவிடுகிறது. 1855-இல் ஆணையம் பிரிக்கச் சொன்ன அதிகாரங்கள், 1992-இல் ஒரே நாளில் ஒரே ஊரில் ஒன்றாக நின்றன. வனத்துறை அத்துமீறினால் காவல் நிலையத்துக்குப் போகலாம். காவல் துறை அத்துமீறினால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்பது எளிய மக்களின் நம்பிக்கை. மூன்றும் சேர்ந்து வந்தபோது மாவட்டத்துக்குள் முறையிட ஒரு கதவும் மிஞ்சவில்லை.

கதவு வெளியிலிருந்துதான் திறந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஊருக்குள் போய் நடந்ததை வெளிக்கொணர்ந்தன. அக்கட்சியின் தலைவர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் விசாரித்து அறிக்கை தந்தார். 1995 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது. உள்ளூர் அதிகாரத்தோடு தொடர்பில்லாத ஒரு புலனாய்வு வந்த பிறகே வழக்கு நகர்ந்தது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை மாவட்ட நீதிமன்ற நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பளித்தபோது குற்றவாளிகளில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரில் வனத்துறையினர் 126, காவல் துறையினர் 84, வருவாய்த் துறையினர் 5. பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை விதிக்கப்பட்டது. இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் தண்டிக்கப்பட்டனர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவ்வளவு பெரிய அரசுக் குழு மீது பாய்ந்து நிலைத்ததற்கு, அடையாள அணிவகுப்பிலும் குறுக்கு விசாரணையிலும் நிலைகுலையாமல் நின்ற பெண்களே காரணம்.

மேல்முறையீட்டில் நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே சென்று இடங்களைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், அதில் பாதியைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டார். காவல் நிர்வாக வரலாற்றுக்கு முக்கியமான பகுதி அடுத்து வருகிறது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கத் தீர்ப்பு பணித்தது. களத்தில் நின்றவர்களோடு நில்லாமல், தடுக்க வேண்டியவர்களையும் பொறுப்பாக்கிய தீர்ப்பு இது.

7. சீர்திருத்தத்தின் இன்றைய நிலை

வாச்சாத்தி நிகழ்வுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையிலான முப்பத்தோரு ஆண்டுகளில் சட்டம் நகர்ந்தே வந்திருக்கிறது. 1996-இல் டி. கே. பாசு வழக்குத் தீர்ப்பு கைதுக்கு நெறிமுறை வகுத்தது. 2013-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம், பாலியல் குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டியதில்லை என்றாக்கியது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த உத்தரவிட்டது. கைது அதிகாரம் கொண்டு விசாரணை நடத்தும் பிற அமைப்புகளின் அலுவலகங்களையும் அத்தீர்ப்பு உள்ளடக்குகிறது. அரூர் வன அலுவலகத்தில் அடைபட்ட பெண்களை நினைத்தால், அந்த வரி வனச்சரக அலுவலகங்களுக்கும் எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

ஆனால் மையப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநில, மாவட்ட அளவில் காவல் புகார் ஆணையங்கள் அமைக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் அவற்றுக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்பது அதன் கருத்து. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்தை உள்துறைச் செயலரிடமும், மாவட்ட ஆணையத்தை ஆட்சியரிடமும் ஒப்படைத்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் அதில் உறுப்பினர். வாச்சாத்தியில் எந்த இரண்டு பதவிகள் கடமை தவறியதாக உயர் நீதிமன்றம் கண்டதோ, அதே இரண்டு பதவிகள்தான் இனி வாச்சாத்தி போன்ற புகாரையும் விசாரிக்கும். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, அதைக் கையில் எடுத்தது மாவட்டப் புகார் ஆணையம் அல்ல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

உலகளாவிய காவல் ஆய்வும் இதையே வலியுறுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1990 முதல் முன்வைத்துவரும் கருத்தின்படி, மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவது தண்டனை அச்சத்தால் மட்டுமல்ல. தங்களை நடத்தும் முறை நியாயமானது என்ற நம்பிக்கையே அதற்கு வலுவான அடிப்படை. மலையூரில் அந்த நம்பிக்கை உடைந்தால் கடத்தலைப் பற்றித் தகவல் சொல்லக்கூட ஆள் கிடைக்காது. சித்திரவதை மனித உரிமை மீறல் மட்டுமல்ல, குற்றத்தடுப்பையும் கெடுக்கிறது. இருந்தும் ஐ.நா. சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் 1997-இல் கையொப்பமிட்ட இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை.

8. முடிவுரை

தருமபுரியின் வரலாறு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, காவல் அதிகாரத்தின் அத்துமீறல் தனிமனிதக் கெடுமதியால் மட்டும் நிகழ்வதில்லை. அதிகாரங்கள் கலந்திருப்பதும் மேற்பார்வை உள்ளுக்குள்ளேயே இருப்பதும் அதற்கு இடம் தருகின்றன. இதை 1855-இலேயே ஓர் அரசு ஆணையம் எழுதி வைத்தது. இரண்டாவது, நீதி கிடைத்த ஒவ்வொரு கட்டத்திலும் அதைக் கொண்டு வந்தது மாவட்ட அதிகாரத்துக்கு வெளியே நின்ற ஓர் அமைப்பு: மக்கள் சங்கம், தேசிய ஆணையம், சிபிஐ, நீதிமன்றம்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. மாவட்டக் காவல் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டும்; அதன் கீழ் தனிப் புலனாய்வு அலுவலர்கள் வேண்டும். வனத்துறையின் கைது அதிகாரமும் அதே ஆணையத்தின் வரம்புக்குள் வர வேண்டும். பழங்குடி ஊர்களில் பல துறைகள் சேர்ந்து சோதனை நடத்தினால் அதற்கு நீதித்துறை மாஜிஸ்திரேட்டின் எழுத்து அனுமதியும் பெண் அலுவலர்களும் கட்டாயமாக வேண்டும். இவை ஏழை எளியவருக்கு அரசு காட்டும் சலுகை அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் காத்திருந்து வாச்சாத்திப் பெண்கள் நிறுவிய உண்மையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது என்பதற்கான குறைந்தபட்ச அடையாளம்.