கையுறைத் தட்டுப்பாடு கையுறைத் தேக்கமாக மாறியது எப்படி? கிள்ளான் தொழிற்சாலைகள் போட்ட கணக்கு

2020 அக்டோபரில் ‘டாப் குளோவ்’ நிறுவனத்தின் ஒரு பங்கு 9 ரிங்கிட்டுக்கும் மேல் விலை போனது. 2022 முடிவதற்குள் அதே பங்கு 1 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் “குளோவ் ஷேர் வாங்கினியா?” என்று யாராவது உங்களைக் கேட்டிருப்பார்கள். அல்லது நீங்களே வாங்கிவிட்டு, அதைப் பற்றி வீட்டில் இன்னும் வாய் திறக்காமல் இருக்கலாம்.

பங்கு விலை வெளியே தெரிந்த அலைதான். உண்மையில் நடந்தது தொழிற்சாலைக்குள்: எவ்வளவு தயாரிப்பது, எவ்வளவு ஸ்டாக் வைப்பது, யார் சொல்வதை நம்பித் தயாரிப்பது? உற்பத்தித் திட்டமிடல், சரக்கிருப்பு மேலாண்மை என்று வகுப்பில் சொன்னால் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கணக்கு பிசகியபோது ஆலைகள் மூடப்பட்டன, ஆட்கள் வேலை இழந்தார்கள், பயன்படுத்தாத சரக்கு உலகின் மறுகோடியில் எரிக்கப்பட்டது.

ஏன் கிள்ளான்?

கோவிட்டுக்கு முன்பே உலகம் பயன்படுத்திய ரப்பர் கையுறைகளில் மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவிலிருந்து போனது. அதில் பெரும் பகுதி சிலாங்கூர் சரக்கு. 1991-இல் தொடங்கப்பட்ட டாப் குளோவின் தலைமையகம் ஷா ஆலாமில். அதன் ஆலைகள் பல கிள்ளான் மேருவில். கோசான் நிறுவனமும் மேருதான். சூப்பர்மேக்ஸ் சுங்கை பூலோவில், ஹார்த்தலேகா பெஸ்தாரி ஜெயாவிலும் சிப்பாங்கிலும். பக்கத்திலேயே போர்ட் கிள்ளான் துறைமுகம்.

ஒரு சின்ன விஷயம். நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய ஊர்கள் இவை என்பதால் எல்லாக் கையுறையும் ரப்பர் மரத்துப் பாலில் வருவதாக நினைத்துவிட வேண்டாம். கிளினிக்கில் பார்க்கிற நீல நிறக் கையுறை பெரும்பாலும் நைட்ரைல். அது பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வரும் செயற்கை ரப்பர். பின்னால் குப்பை பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கையுறை ஆலையின் இயல்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கை வடிவப் பீங்கான் அச்சுகள் ஆயிரக்கணக்கில் ஒரு நீண்ட சங்கிலியில் நகர்ந்துகொண்டே இருக்கும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி, அடுப்பில் வெந்து, கழுவப்பட்டு, கடைசியில் கையுறை உருவப்படும். இது இராப்பகலாக ஓடுகிற லைன். நாளைக்கு ஆர்டர் குறைவு என்று பேக்கரி மாதிரி பாதி அடுப்பை அணைத்து வைக்க முடியாது. தொட்டியில் உள்ள கலவை கெடும், அடுப்பை மறுபடி சூடேற்ற எரிவாயு செலவாகும். அதனால் திட்டமிடுபவர் எப்போதும் லைனை நிறைத்து ஓட்டவே விரும்புவார். நிறைத்து ஓட்ட ஆர்டர் வேண்டும். வந்த ஆர்டர் உண்மையான ஆர்டரா என்பதில்தான் சிக்கல்.

ஆறு வாரம் ஆர்டரே இல்லாத மருத்துவமனை

ஒரு கற்பனை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 100 பெட்டி கையுறை செலவாகிறது. நான்கு வாரத்துக்கான இருப்பு, அதாவது 400 பெட்டி, எப்போதும் கிடங்கில் இருக்கும். மாதா மாதம் 400 பெட்டி ஆர்டர் போகும். எல்லாம் சுமுகம்.

இப்போது நோய் பரவுகிறது. வாரச் செலவு 150 பெட்டியாகிறது. செய்தியைப் பார்த்துப் பயந்த மேலாளர், “நாலு வாரம் பத்தாது, எட்டு வாரத்துக்கு வைங்க” என்கிறார். எட்டு வாரத்துக்கு 1,200 பெட்டி வேண்டும், கையில் 400 இருக்கிறது. அந்த மாத ஆர்டர் எவ்வளவு? செலவுக்கு 600, இருப்பை உயர்த்த 800, ஆக மொத்தம் 1,400. செலவு கூடியது ஒன்றரை மடங்கு. ஆனால் ஆலைக்குப் போன ஆர்டர் மூன்றரை மடங்கு.

பின்னர் நோய் தணிகிறது. வாரச் செலவு 120-க்கு இறங்குகிறது. இதுவும் பழைய அளவைவிட அதிகம்தான். மேலாளர் பழையபடி நான்கு வார இருப்பு போதும் என்கிறார், அதாவது 480 பெட்டி. கிடங்கில் இருப்பதோ 1,200. உபரி 720 பெட்டி, ஆறு வாரச் செலவு. ஆகவே ஆறு வாரத்துக்கு ஒரு பெட்டிகூட ஆர்டர் கிடையாது. முன்பைவிட இருபது விழுக்காடு அதிகமாகக் கையுறை பயன்படுத்தும் மருத்துவமனை, ஆலையின் பார்வையில் காணாமலே போய்விட்டது!

இது ஒரே ஒரு கண்ணி. நடுவில் உள்ளூர் விநியோகிப்பாளர், இறக்குமதியாளர், ஏற்றுமதி முகவர் என்று ஒவ்வொருவரும் இதே கணக்கைத் தங்களுக்கும் ஒரு பங்கு பயம் சேர்த்துப் போடுவார்கள். சாட்டையின் கைப்பிடி லேசாக அசைந்தாலும் நுனி பலமாக வீசுவதுபோல, சங்கிலியின் கடைசியில் இருக்கும் ஆலைக்கு அதிர்வு பெரிதாகி வந்து சேரும். இதனால்தான் இதற்கு ‘புல்விப் எஃபெக்ட்’, சாட்டை விளைவு என்று பெயர். குழந்தைகள் டயப்பர் நனைக்கிற வேகம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. ஆனால் பேம்பர்ஸ் ஆர்டர்கள் மட்டும் ஏன் இப்படித் துள்ளுகின்றன என்று புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தார் திகைத்ததிலிருந்து இந்தப் பெயர் பரவியது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஹாவ் லீயும் சக ஆய்வாளர்களும் 1997-இல் அதன் காரணங்களை விளக்கி எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் கதைக்கு அப்படியே பொருந்தும். பொருளுக்குத் தட்டுப்பாடு என்று தெரிந்ததும் வாங்குபவர்கள் வேண்டுமென்றே தேவைக்கு மேல் ஆர்டர் போடுவார்கள். “நூறு கேட்டா அம்பதுதான் குடுப்பாங்க, அதனால இருநூறு கேளு.” ஒரே தேவைக்கு மூன்று ஆலைகளிடம் ஆர்டர் கொடுத்துவிட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொள்வதும் உண்டு.

2020-இல் நடந்தது இதுதான். மாதக்கணக்கில் இருந்த காத்திருப்பு ஓராண்டையும் தாண்டிப் போனது. முன்பு 1,000 கையுறை 20, 25 அமெரிக்க டாலருக்கு விற்றது. உச்சத்தில் 100 டாலரைத் தாண்டியது. ஆர்டர் புத்தகத்தைப் பார்த்த யாருக்கும் இன்னும் நூறு லைன் போட்டாலும் போதாது என்றுதான் தோன்றியிருக்கும். அப்படியே தோன்றியது. வீடு கட்டி விற்கும் மா சிங் குழுமம்கூடக் கிள்ளான் காப்பாரில் கையுறை ஆலை அமைத்தது. சீனாவிலும் புதிய ஆலைகள் எழுந்தன. 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் டாப் குளோவின் நிகர லாபம் 7 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது.

பிறகு மருத்துவமனைகள் கிடங்கைத் திறந்து பார்த்தன.

2022 செப்டம்பரில் டாப் குளோவ், பங்குச் சந்தைக்கு வந்த 2001-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு காலாண்டில் நட்டம் காட்டியது. அடுத்த நிதியாண்டின் நட்டம் 900 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். 2023 மே மாதம் ஹார்த்தலேகா தன் பெஸ்தாரி ஜெயா ஆலையை மூடிவிட்டு எல்லாவற்றையும் சிப்பாங்கிற்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. பல ஆலைகள் பாதித் திறனுக்கும் குறைவாகவே ஓடின. கவனியுங்கள், உலகம் கையுறை போடுவதை நிறுத்திவிடவில்லை. கோவிட்டுக்கு முன்பு இருந்ததைவிடத் தேவை குறைந்துவிடவும் இல்லை. ஆர்டர் மட்டும்தான் நின்றது.

கணக்கில் வராத இருப்பு: மனிதர்கள்

இருப்பு இல்லாத இடத்தில் ஏற்ற இறக்கத்தை வேறு ஏதாவது தாங்கியாக வேண்டும். 2020-இல் அதைத் தாங்கியது தொழிலாளர்கள், அதிலும் குறிப்பாக நேப்பாளம், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2020 நவம்பரில் மேரு விடுதிகளை மையமாகக் கொண்டு ‘தெராத்தாய்’ கோவிட் தொற்றுத் திரள் வெடித்தது. 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று உறுதியானதும், டாப் குளோவின் 28 ஆலைகளைக் கட்டம் கட்டமாக மூடும்படி அரசு உத்தரவிட்டது. தொழிலாளர் தங்குமிடங்களின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 446-இன் கீழ் விசாரணைகளும் தொடங்கின.

அமெரிக்கா இன்னொரு பக்கம் நெருக்கியது. கட்டாய உழைப்பு நடப்பதாகக் கூறி, அந்த நாட்டுச் சுங்கத்துறை 2020 ஜூலையில் டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கைத் தடுத்தது; 2021 மார்ச்சில் தடையை இறுக்கியது. அந்த ஆண்டு மே மாதம் ஓஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் ஏறக்குறைய 40 லட்சம் கையுறைகள் பறிமுதலாயின. ஆட்சேர்ப்புக் கட்டணமாகத் தொழிலாளர்கள் கட்டியிருந்த பணத்தை நிறுவனம் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுத்த பிறகு, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

இதை மனித உரிமைச் செய்தியாக மட்டும் படிப்பது வழக்கம். என் பார்வையில் இது உற்பத்தித் திட்டச் செய்தியும்கூட. லைன் நூறு விழுக்காடு ஓட வேண்டும், ஆர்டர் மும்மடங்கு, கிடங்கில் இருப்பு இல்லை என்றால், மீள்வதற்கு இடமே கிடையாது. அந்த இடைவெளியை நிரப்ப மேலதிக நேரமும் நெரிசலான அறையும்தான் மிஞ்சும். 

எரிக்கப்பட்ட ஸ்டாக்

“நிலைத்தன்மை” என்றதும் கூரையில் சோலார் தகடு போடுவதை நினைக்கிறோம். ஆனால் ஓர் ஆலை செய்யக்கூடிய மிகப் பெரிய வீண், யாருமே போடாத கையுறையைத் தயாரிப்பது. அதற்கான பெட்ரோலியம், எரிவாயு, தண்ணீர், கப்பல் எரிபொருள் எல்லாம் செலவான பிறகு அது கிடங்கில் படுத்திருக்கிறது. மருத்துவக் கையுறைக்குக் காலாவதித் தேதி உண்டு, பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு.

மிக வெளிப்படையான உதாரணம் பிரிட்டன். கோவிட்டின் முதல் ஆண்டில் பாதுகாப்பு அங்கி, முகக்கவசம், கையுறை என வாங்கிய சுமார் 12 பில்லியன் பவுண்டு சரக்கில், ஏறக்குறைய முக்கால் பங்கு மதிப்பு கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. அதில் 4 பில்லியன் பவுண்டு மதிப்புள்ள, பயன்படுத்த முடியாத சரக்கை எரித்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டிருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்றக் குழு 2022 ஜூனில் கூறியது.

அப்போ ஸ்டாக்கே வைக்கக்கூடாதா?

அப்படியில்லை. தேவையானபோது மட்டும் தேவையான அளவு என்ற முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த டொயோட்டாவே மனம் மாறியது. கிள்ளான் புக்கிட் ராஜாவில் அவர்களுக்கு ஆலை இருக்கிறது, 2019-இல் திறந்தது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பின், சில்லுகளை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு இருப்பு வைக்கும்படி அந்த நிறுவனம் சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. 2021 தொடக்கத்தில் சில்லுப் பஞ்சத்தில் மற்ற கார் நிறுவனங்கள் லைனை நிறுத்தியபோது டொயோட்டா கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது அதனால்தான். எல்லாவற்றையும் குவிக்கவில்லை. இல்லாவிட்டால் எல்லாமே நின்றுவிடும் என்கிற ஒரு பொருளை மட்டும் வைத்தார்கள்.

இன்னொரு வழி, இருப்பை ஓடவிடுவது. சிங்கப்பூரில் அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதி அளவுக்குச் சமமான அரிசியைக் கட்டாய இருப்பாக வைக்க வேண்டும். ஆனால் அது பூட்டி வைத்த அரிசி அல்ல. பழையது கடைக்குப் போகும், புதியது உள்ளே வரும். கையுறையிலும் இதைச் செய்யலாம்: அவசரக் கையிருப்பைத் தனிக் கிடங்கில் பூட்டாமல், காலாவதி நெருங்குவதை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

ஆனால் முக்கியமானது தகவல். பிரிக்ஃபீல்ட்ஸில் மல்லிகைச் சரம் விற்கும் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருடைய சரக்கு ஒரு நாளில் வாடிவிடும், ஆனாலும் பெரிதாக ஏமாறுவதில்லை. யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று அவர் கண்ணால் பார்க்கிறார்: வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை கல்யாணம். மேரு ஆலைக்கு அந்தக் கண் இல்லை. அது பார்ப்பது ஆர்டர் தாளை மட்டும்தான். மருத்துவமனையின் வாரச் செலவு எவ்வளவு, கிடங்கில் மீதம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் ஆலைக்கு நேராக வந்தால், மேலே பார்த்த 1,400 பெட்டி ஆர்டரில் 600 மட்டும்தான் உண்மையான செலவு, 800 பயம் என்று தெரிந்துவிடும். வால்மார்ட்டும் புராக்டர் அண்ட் கேம்பிளும் 1980-களின் பிற்பகுதியிலேயே கடை விற்பனைக் கணக்கை நேரடியாகப் பகிரத் தொடங்கினார்கள். கையுறைச் சந்தையில் இது கடினம், காரணம் வாங்குபவருக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கும் முகவர்களுக்கு அந்தத் தகவல்தான் பிழைப்பு.

அடுத்த சுற்று

2024-இல் ஆர்டர்கள் மெல்லத் திரும்பின. அதே ஆண்டு அமெரிக்கா, சீன மருத்துவக் கையுறைகளுக்கு 2025-இல் 50 விழுக்காடு, 2026-இல் 100 விழுக்காடு வரி என்று அறிவித்தது. மலேசிய ஆலைகளுக்கு நல்ல செய்தி என்று பங்குச் சந்தை மகிழ்ந்தது. அமெரிக்க வாங்குபவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வரி அமலுக்கு வருமுன் சீனக் கையுறைகளை வாங்கிக் கிடங்கை நிரப்பினார்கள். 2025 தொடக்கத்தில் கிள்ளான் ஆலைகள் எதிர்பார்த்த ஆர்டர்கள், அந்தக் கிடங்குகள் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.