வயிற்றுநோயும் நாட்குறிப்பும்

வயிற்று நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகள் எளியவை. வலி எத்தனை நாளாக இருக்கிறது? சாப்பிடுமுன் வருகிறதா, சாப்பிட்ட பின்பா? வாரத்தில் எத்தனை முறை? நோயாளியின் விடையோ பெரும்பாலும் "அடிக்கடி வருகிறது, டாக்டர்" என்பதோடு நின்றுவிடும். சென்ற செவ்வாய்க்கிழமை இரவு வயிறு எப்படி இருந்தது என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்? இந்த மறதியை வெல்ல மனிதர் செய்த முயற்சிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று அது கைபேசிச் செயலிகளில் வந்து நிற்கிறது.

டார்வினின் இரட்டைக் கோடுகள்

பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வயிற்று நோயாளியாகவே கழித்தார் என்பது பலர் அறியாத செய்தி. 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றிவிட்டு 1836-இல் இங்கிலாந்து திரும்பியவரை அடுத்த சில ஆண்டுகளில் தொல்லை பற்றிக்கொண்டது. உண்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பும். வாயு திரண்டு இரவில் உறங்க விடாது. சில காலங்களில் வாந்தி மாதக்கணக்கில் தொடரும். நண்பர்களோடு உரையாடிய களைப்புகூட நோயைத் தூண்டிவிடும்.

1849-இல் மால்வெர்ன் என்னும் ஊரில் டாக்டர் ஜேம்ஸ் கல்லி நடத்திய தண்ணீர்ச் சிகிச்சை நிலையத்திற்குக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். நனைத்த துணியை உடலில் சுற்றுவது, உயரத்திலிருந்து கொட்டும் குளிர்ந்த நீரின் கீழ் நிற்பது என்று அங்கே பல முறைகள். சர்க்கரை, வெண்ணெய், மசாலா எதுவும் கூடாது. சில மாதங்களில் உடல் தேறியதாகவே டார்வினுக்குத் தோன்றியது. ஆனால் 'தோன்றியது' என்பதோடு நிறைவடைகிற மனிதர் அல்லவே அவர்! வீடு திரும்பியதும், 1849 ஜூலை 1-ஆம் நாள் முதல் உடல்நலக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார்.

அதன் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு நாளும் பகல் எப்படி, இரவு எப்படி என்று இரண்டு குறிப்புகள். வாயுத்தொல்லை எத்தனை முறை வந்தது, கடுமையா இலேசா என்று சில சொற்கள். அன்று செய்துகொண்ட தண்ணீர்ச் சிகிச்சை என்ன என்பதும் உண்டு. மிக நன்றாக இருந்த பொழுதுக்கு இரட்டைக் கோடு. மாத முடிவில் அந்த இரட்டைக் கோடுகளை எண்ணி எழுதிவிடுவார். கடற்பாறைகளில் ஒட்டி வாழும் சிற்றுயிர்களை உருப்பெருக்கியின் கீழ் அறுத்துப் பார்த்து வகைப்படுத்திய அதே ஆண்டுகளில், தம் வயிற்றையும் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். 1851-இல் அருமை மகள் ஆனி இறந்த துயரத்திலும் குறிப்பேடு நின்றுவிடவில்லை. 1855 ஜனவரி 16-ஆம் நாள் வரை, ஐந்தரை ஆண்டுகள் அதை எழுதினார்.

பயன் என்ன? சிகிச்சை எடுத்த மாதத்தையும் எடுக்காத மாதத்தையும் அவரால் ஒப்பிட முடிந்தது. நோயின் காரணம் மட்டும் புலப்படவில்லை. அவர் 1882-இல் மறைந்த பின்னரும் ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. தென் அமெரிக்காவில் பூச்சி கடித்து வந்த சாகாஸ் நோய் என்று 1959-இல் ஒரு கருத்து எழுந்தது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாமை என்று 2005-இல் இன்னொன்று. குரோன் நோய் என்னும் குடல் அழற்சி என்று 2007-இல் வேறொன்று. வழக்கு இன்னும் முடியவில்லை. நோயையும் சிகிச்சையையும் இவ்வளவு பொறுமையாகக் குறித்தவர், ஒவ்வொரு வேளையும் என்ன உண்டோம் என்பதையும் அதே ஒழுங்கோடு பக்கத்தில் குறித்திருந்தால், இவற்றுள் இரண்டாவது ஊகத்தையேனும் இன்று சரிபார்த்திருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

நோயாளியின் சொல்லை நம்பாமல் வயிற்றையே நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை மருத்துவர்களுக்கு நெடுநாளாக உண்டு. 1822-இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞனுக்கு இரைப்பையில் ஒரு துளை ஆறாமலே நின்றுவிட்டது. அதன் வழியே இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் உணவைப் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, செரிமானத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1833-இல் நூலாக வெளியிட்டார். எல்லார் வயிற்றிலும் துளை இருக்காதே! 1868-இல் ஜெர்மானியரான குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேர்க்குழாயைச் செலுத்தினார். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் உருவாக்கிய, கண்ணாடி இழைகளால் ஆன வளையும் உள்நோக்கி வந்தது.

உள்நோக்கி புண்ணைக் காட்டியது, கட்டியைக் காட்டியது. கூடவே ஓர் எதிர்பாராத உண்மையையும் காட்டியது. வலியால் துடிப்பவர்களில் பலருக்கு உள்ளே எதுவுமே தெரியவில்லை! குடலின் அமைப்பில் கேடில்லை. அதன் இயக்கத்திலும், அதற்கும் மூளைக்கும் இடையேயான நரம்புத் தொடர்பிலும் கோளாறு. ஐ.பி.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் குடல் எரிச்சல் நோய் இவ்வகை. "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ! அவர்களிடம் இருந்த ஒரே சான்று, அவர்கள் சொல்லும் அறிகுறிதான்.

ஆகவே அறிகுறியையே அளக்க வேண்டியதாயிற்று. 1976-இல் அமெரிக்காவில் குரோன் நோயின் தீவிரத்தை மதிப்பிட வகுத்த குறியீட்டெண்ணுக்கு, நோயாளி ஏழு நாள் டயரி எழுதியாக வேண்டும். நீராகப் போன தடவைகள், வயிற்று வலியின் அளவு, பொதுவான உடல்நிலை ஆகிய மூன்றும் அதிலிருந்தே கிடைக்கும். 1978-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மானிங், ஹீட்டன் முதலியோர் 109 நோயாளிகளிடம் 15 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டனர். மலம் கழித்தால் வலி தணிவது, வலி தொடங்கியதும் மலம் இளகுவது, அடிக்கடி போவது, வயிறு கண்ணுக்குத் தெரிய உப்புவது ஆகியவை ஐ.பி.எஸ். நோயைப் பிரித்தறிய உதவின. மலத்தின் தோற்றத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பட்டியலும் அதே ஊரில் பிறந்ததே. 1997-இல் லூயிஸும் ஹீட்டனும் அது குடலில் உணவு நகரும் வேகத்தைக் காட்டுவதை ஆராய்ந்து வெளியிட்டனர். முகம் சுளிக்கத் தேவையில்லை. இன்றைய வயிற்றுச் செயலிகள் பலவற்றில் இந்த ஏழு படங்களே இருக்கின்றன.

ரோம் விதிகள் எனப்படும் அனைத்துலக வரையறை 2016-இல் நான்காம் முறையாகத் திருத்தப்பட்டது. கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வலி இருக்க வேண்டும் என்பது ஐ.பி.எஸ். நோய்க்கு அது கூறும் நிபந்தனைகளில் ஒன்று. வாரம் ஒரு நாளா, மாதம் மூன்று நாளா? குறித்து வைக்காதவர் இதற்கு என்ன விடை சொல்வார்?

நினைவு செய்யும் ஏமாற்று

நம் நினைவு மறப்பது மட்டுமன்று, திரித்தும் சொல்கிறது. 1996-இல் ரெடல்மையர், கானமன் என்ற இருவர் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை செய்துகொண்ட 154 பேரிடம், சோதனையின்போதே நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுக் குறித்தனர். பின்னர் மொத்த வலியை மதிப்பிடச் சொன்னபோது, வலியின் உச்சமும் கடைசிச் சில நிமிடங்களுமே அவர்கள் மதிப்பீட்டைத் தீர்மானித்தன. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறையக் கணக்கிலேயே வரவில்லை.

சரி, தாளில் எழுதி வைத்தால் போதாதா? இதற்கு விடை தந்தது, ஆர்தர் ஸ்டோன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. இது வயிற்று நோயாளிகளிடம் செய்ததன்று. நாட்பட்ட வலியுள்ள 80 பேரிடம் செய்தது. பாதிப் பேருக்குத் தாள் டயரி, மற்றவர்க்குக் கையடக்க மின் டயரி. தாள் டயரியின் அட்டைக்குள் ஒளியை உணரும் ஒரு கருவியை மறைத்து வைத்தனர். டயரி எப்போது திறக்கப்பட்டது என்பதை அது பதிந்துகொள்ளும். நோயாளிகள் எழுதித் தந்தபடி 90 விழுக்காடு குறிப்புகள் உரிய நேரத்தில் எழுதப்பட்டவை. கருவி சொன்ன கணக்கோ 11 விழுக்காடு! ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்களில் டயரி திறக்கப்படவே இல்லை. கோடை விடுமுறை வீட்டுப்பாடத்தைக் கடைசி இரவில் எழுதிய மாணவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒலி எழுப்பி நினைவூட்டி, நேரத்தைத் தானே முத்திரையிட்ட மின் டயரியில் 94 விழுக்காடு ஒழுங்கு இருந்தது.

கைபேசிச் செயலியின் முதன்மையான பலம் இதுதான் என்பேன். படமும் வரைபடமும் வெறும் அலங்காரம். பின்தேதியிட்டு எழுத இயலாத நேர முத்திரையே அதன் உயிர். பின்தேதியிட அனுமதிக்கும் செயலி பழைய தாளைவிட உயர்ந்ததன்று.

சோதனைக்கு உட்பட்ட செயலிகள் சில உண்டு. நெதர்லாந்தில் குடல் அழற்சி நோயாளிகள் 909 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. அறிகுறிகளைத் தொலைவிலிருந்தே மருத்துவமனைக்குத் தெரிவித்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 1.55 முறை மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் வந்தனர், மற்றவர்கள் 2.34 முறை. உள்நோயாளியாகச் சேர வேண்டிய நிலையும் குறைந்தது. ஆனால் அந்தக் குறிப்புகளை மறுமுனையில் செவிலியர் படித்துக்கொண்டிருந்தனர் என்பதை மறக்கக் கூடாது. படிப்பார் இல்லாத பதிவு வேறு வகை. வயிற்றையே ஓயாமல் கவனித்துக் கவலையை வளர்த்துக்கொள்பவரும் உண்டு. தவிர, மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், விழுங்க இயலாமை இவற்றைச் செயலியில் பதிந்துகொண்டு காத்திருப்பது ஆபத்து. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

டார்வின் குறிப்பேட்டில் விடுபட்ட உணவுப் பகுதியை நிரப்ப முயன்றது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம். குடலில் எளிதில் புளித்து வாயுவாகும் சிறு மாவுப்பொருள்களுக்கு 'ஃபாட்மேப்' என்று பெயரிட்டு, அவை எந்த உணவில் எவ்வளவு என்று அளந்து, 2012-இல் செயலியாக வெளியிட்டனர். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள், பால் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் நிரந்தரமாக விட்டுவிடுவது முறையன்று. இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்தி, வயிறு அமைதியானதும் ஒவ்வொன்றாக, அளவைக் கூட்டிக்கொண்டே மீண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெங்காயம் உண்ட மறுநாள் வலி வந்ததென்று ஒருமுறை பதிவானால் அது தற்செயலாக இருக்கலாம். நிறுத்தியபோது நின்று, சேர்த்தபோது திரும்பினால்தான் ஐயம் வலுப்பெறும். இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் பலர் செய்வதில்லை. வலி நின்ற மகிழ்ச்சியில் செயலியைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள்.